பத்தமடை தந்த வைத்திய மகான்!

அதிகாலை நாலு மணி, அளவான சாப்பாடு, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்... சுவாமி சிவானந்தர் காட்டிய ஆரோக்கிய வழி!

கல்யாண வீடுகளில் பத்தமடைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். பட்டுத் துணி போல வழவழவென்று, மணமக்களின் பெயரையும் சேர்த்து நெய்த கோரைப் பாய். தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கிறது அந்தப் பத்தமடை.

ஊருக்கெல்லாம் பாய் நெய்து கொடுத்த அதே பத்தமடைதான், பாயை விரித்து உட்கார்ந்து உடம்பையும் மனசையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் வித்தையை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த ஒரு மகானையும் கொடுத்தது. அவர்தான் ரிஷிகேசம் சுவாமி சிவானந்தர். காவி உடுத்துவதற்கு முன்னால் அவர் ஒரு டாக்டர்!

எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எந்த ஆசனத்துக்குப் பின் எந்த ஆசனம் என்று இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்தவர்கள் குறைவு. ஆனால், அத்தனையும் சொன்ன அவருக்கே கடைசி நாட்களில் சர்க்கரை நோய் வந்தது. இடுப்பு வலி வந்தது. அப்படியானால் அவர் சொன்ன நியமங்களுக்கு என்ன பலன்? இந்தக் கேள்விக்கான விடை, அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

வில்வம் பறித்த சிறுவன்

1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, பரணி நட்சத்திரத்தில் பிறந்தார் குப்புசாமி. தந்தை வேங்கு ஐயர். எட்டயபுரம் சமஸ்தானத்தில் உத்தியோகம். தாயார் பார்வதி அம்மாள். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவபக்த சிரோமணி அப்பய்ய தீட்சிதரின் வம்சம் அது. வேங்கு ஐயர் சிவபூஜை செய்யாமல் சாப்பிட மாட்டார். அப்பாவின் பூஜைக்குப் பூவும் வில்வமும் பறித்து வருவது மகனின் வேலை.

பக்தி ஒரு பக்கம் இருக்க, பையனுக்கு உடற்பயிற்சி என்றால் உயிர். விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்கெல்லாம் எழுந்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடிவிடுவார். வீட்டில் தெரிந்தால் திட்டு விழுமே? தலையணையைப் படுக்கையில் நீளவாட்டில் வைத்து, மேலே போர்வையைப் போர்த்திவிட்டுப் போவாராம். வீட்டில் உள்ளவர்களுக்குப் பிள்ளை சுகமாகத் தூங்குவது போலத் தோன்றும். பிற்காலத்தில் லட்சக்கணக்கானவர்களைப் பிரம்ம முகூர்த்தத்தில் எழுப்பிவிட்டவர், அந்தப் பழக்கத்தை இப்படித்தான் ஆரம்பித்தார்!

அந்த இளமைப் பருவத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வாள்வீச்சு கற்றுக்கொள்ள ஒரு ஆசிரியரிடம் போனார் குப்புசாமி. அந்த ஆசிரியர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். சில நாட்களிலேயே, அக்ரஹாரத்துப் பிள்ளை அவரிடம் போய்ப் பாடம் கேட்கலாமா என்று சுற்றியிருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இளைஞர் யோசித்தார். அப்பாவின் பூஜை அறையில் தாம் கும்பிட்ட ஈசன், அங்கிருந்து எழுந்து இந்த ஆசிரியரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது. உடனே பூவும் இனிப்பும் வஸ்திரமும் வாங்கிக்கொண்டு போனார். ஆசிரியருக்கு மாலை போட்டு, பாதத்தில் பூ வைத்து, சாஷ்டாங்கமாக விழுந்து நமஸ்கரித்தார். உடம்பை வளர்க்கப் போன இடத்தில் உள்ளமும் வளர்ந்தது.

அம்மா கொடுத்த நூறு ரூபாய்

எட்டயபுரம் ராஜா உயர்நிலைப் பள்ளி, பிறகு திருச்சியில் கல்லூரி, அதன்பின் தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. மற்ற மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போக, குப்புசாமி மட்டும் ஆஸ்பத்திரியே கதியென்று கிடப்பார். எதையாவது புதிதாகத் தெரிந்துகொள்ளலாமே என்ற ஆசை.

தெரிந்துகொண்டதைத் தம்மோடு பூட்டி வைத்துக்கொள்ளவும் அவருக்கு மனசில்லை. 1909-ல் திருச்சியிலிருந்து ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். அமிர்தம் என்று பொருள்படும் 'அம்ப்ரோஸியா' என்பது அதன் பெயர். ஆரம்பச் செலவுக்குப் பார்வதி அம்மாள் கொடுத்தது நூறு ரூபாய். அந்தக் காலத்து நூறு ரூபாய்! சுகாதாரமும் ஆயுர்வேதமும் அதில் இடம்பெற்றன. சில வருடங்கள் நடந்தது அந்தப் பத்திரிகை. இலவசமாக அனுப்பிய பிரதிகள்தான் நிறைய.

1913-ல் வேலை தேடி மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். ஆசாரமான குடும்பம்; கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று அம்மா பார்த்துப் பார்த்துப் பட்சணங்கள் செய்து கட்டிக் கொடுத்தார். வழி நெடுகிலும் அந்த இனிப்புகளும் தண்ணீரும்தான் ஆகாரம். கரை இறங்கும்போது பாதி உயிர்தான் மிச்சம் இருந்தது என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு நினைவுகூர்ந்திருக்கிறார். வெறும் இனிப்பை வைத்துக்கொண்டு உடம்பை ஓட்ட முடியாது என்ற பாடத்தை, புத்தகத்தில் படிப்பதற்கு முன் கப்பலிலேயே படித்துவிட்டார்!

சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிறகு ஜொகூரில். ஏறக்குறைய பத்து வருடங்கள். நோயாளிகளில் பலர், பிழைப்புக்காகக் கடல் கடந்து போன ஏழைத் தொழிலாளர்கள். மருந்து கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று டாக்டர் குப்புசாமி நினைக்கவில்லை. இரவெல்லாம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குணமாகி வீடு திரும்பும் ஏழைகளுக்குச் சத்தான ஆகாரம் வாங்கத் தம் பையிலிருந்து பணம் கொடுத்து அனுப்புவார். மருந்தில் பாதி மாத்திரை, மீதி பாதி சாப்பாடு என்பதை அப்போதே அறிந்திருந்தார்.

கை நிறையச் சம்பளம். நகைகள் மேல் பிரியம். பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்ட நாட்கள்கூட உண்டு. அப்படிப்பட்டவரிடம், நோயுற்ற ஒரு சாது சிகிச்சைக்கு வந்தார். குணமாகிப் போகும்போது வேதாந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படிக்கப் படிக்க டாக்டரின் மனசில் ஒரு கேள்வி விழுந்தது. இன்று குணமாகும் உடம்பு நாளை வேறு நோயில் படுக்கிறது. நோய்க்கு மேல் நோய் என்று ஓடிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு நிரந்தர நிம்மதி எங்கே?

சமையல்காரரான டாக்டர்!

1923-ல் மலேயாவை விட்டுக் கிளம்பினார். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் சாமான்களை வைத்துவிட்டு, கட்டிய துணியோடு வடக்கே நடந்தார். காசி விஸ்வநாதர் தரிசனம். மகாராஷ்டிரத்தில் நாசிக், பண்டரிபுரம். சந்திரபாகா நதிக்கரையில் ஒரு கிராமத்தில் அஞ்சல் அலுவலர் ஒருவர் அவருக்கு இடம் கொடுத்தார். நாலு மாதம் அந்த வீட்டில் இருந்து சமைத்துப் போட்டார். எடுபிடி வேலைகளும் செய்தார். மலேயாவில் ஆஸ்பத்திரியையே நிர்வகித்தவர் அவர் என்று பார்த்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தவம் செய்யத் தகுந்த இடம் எது என்று கேட்டபோது, ரிஷிகேசம் போகும்படி வழி சொன்னவர் அந்த அஞ்சல் அலுவலர்தான்.

1924 ஜூன் 1-ஆம் தேதி. கங்கைக் கரையில் சுவாமி விஸ்வானந்த சரஸ்வதியிடம் சந்நியாச தீட்சை பெற்றார். டாக்டர் குப்புசாமி அன்று முதல் சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆனார்.

கங்கையின் மறு கரையில் ஸ்வர்க்காசிரமத்தில் ஒரு சின்னக் குடில் கிடைத்தது. அன்ன சத்திரத்தில் பிட்சையாகக் கிடைக்கும் ரொட்டிதான் உணவு. தியானத்துக்கு இடையூறு வரக் கூடாது என்று, சில நாட்களுக்கு வேண்டிய ரொட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்துவிடுவார். காய்ந்துபோன ரொட்டியைக் கங்கை நீரில் நனைத்துச் சாப்பிடுவார். மார்கழிக் குளிரில், விடிவதற்கு முன் இடுப்பளவு கங்கையில் நின்று ஜபம் செய்து, சூரியன் உதித்த பிறகுதான் கரை ஏறுவார்.

அத்தனை கடும் தவத்துக்கு நடுவிலும் உள்ளேயிருந்த டாக்டர் தூங்கவில்லை. பத்ரிநாத்துக்கு நடந்தே போகும் யாத்ரீகர்கள் காய்ச்சலும் கால் புண்ணுமாக அந்த வழியில் போவதைப் பார்த்தார். லட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்று ஆரம்பித்தார். தம்முடைய காப்பீட்டுப் பணம் வந்ததும் அதற்கே போனது.

ஒருநாள் மாலை ஒரு யாத்ரீகருக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். அன்றிரவு படுத்த பிறகுதான், அவருக்கு இன்னொரு மருந்து கொடுத்திருந்தால் இன்னும் நல்லது என்று பட்டது. தூக்கம் வரவில்லை. பொழுது விடிவதற்குள் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓடினார். சில மைல்கள் ஓடி, முன்னால் போய்க்கொண்டிருந்த யாத்ரீகரைப் பிடித்து, மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்! சிறு வயதில் உடற்பயிற்சிக் கூடத்தில் தேற்றிய உடம்பு எதற்குப் பயன்பட்டது பாருங்கள்.

மாட்டுக் கொட்டிலில் பிறந்த ஆசிரமம்

1934 ஜனவரியில் ஸ்வர்க்காசிரமத்தை விட்டுக் கங்கையைக் கடந்து மறு கரைக்கு வந்தார். அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய மாட்டுக் கொட்டில். அதைத் தாமே சுத்தம் செய்து குடியேறினார். இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் சிவானந்தாசிரமத்தின் முதல் கட்டடம் அதுதான்.

1936-ல், டிவைன் லைஃப் சொசைட்டி என்று எல்லோரும் அறிந்த தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பிறந்தது. 1943 இறுதியில் ஆசிரமத்தில் விஸ்வநாதர் பிரதிஷ்டையானார். அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கிய அகண்ட நாம சங்கீர்த்தனத்தில், ஹரே ராம மகாமந்திரம் இரவு பகலாக ஒலிக்கத் தொடங்கியது. 1945-ல் ஆயுர்வேத மருந்தகம் வந்தது. இமயமலை மூலிகைகளைக் கொண்டு ச்யவனப்பிராசமும் பிராமி தைலமும் அங்கே தயாராயின. ஆங்கில வைத்தியம் படித்தவர் ஆயுர்வேதத்தைத் தள்ளவில்லை. ஆயுர்வேதத்தைப் போற்றியவர் அறுவை சிகிச்சையையும் வெறுக்கவில்லை. மூலிகை மருந்தகம் நடந்த அதே ஆசிரமத்தில் கண் அறுவை சிகிச்சை முகாம்களும் நடந்தன.

1948-ல் யோக வேதாந்த ஆரண்யக் கழகம் என்ற பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. எழுதிக் குவித்த நூல்கள் ஏறக்குறைய முந்நூறு. ஆசனம், பிராணாயாமம், பக்தி, வேதாந்தம் மட்டுமா? வீட்டு வைத்தியம், ஆயுர்வேதம், இயற்கை வைத்தியம் என்று குடும்பத்துக்கு வேண்டிய விஷயங்களும் அவற்றில் உண்டு.

உப்பு கேட்காத நாக்கு!

தம் உபதேசங்களையெல்லாம் பிழிந்து, இருபது நியமங்களாகத் தந்திருக்கிறார் சுவாமிகள். குடும்பத்தில் இருப்பவர்களும் கடைப்பிடிக்கக்கூடியவை. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை முக்கியமானவற்றைப் பார்ப்போமா?

முதல் நியமம், அதிகாலை நாலு மணிக்கு எழுந்திருப்பது. ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்திலும் தினசரி ஒழுக்கம் பற்றிய அத்தியாயம் பிரம்ம முகூர்த்தத்தில் எழுவதில்தான் ஆரம்பிக்கிறது. பால்காரரும் குக்கர் விசிலும் கூப்பிடுவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், குடும்பத் தலைவிக்குத் தனக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் அல்லவா? கிழக்கு அல்லது வடக்கு நோக்கி உட்கார்ந்து ஜபம், தியானம். ஆரம்பத்தில் அரை மணி நேரம் போதும்.

அடுத்து ஆசனம். வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். தோள்களை ஊன்றிக் கால்களை மேலே நிறுத்தும் சர்வாங்காசனம் செய்தால், கழுத்தை எதிர்ப்புறமாக வளைக்கும் மத்ஸ்யாசனம் செய்ய வேண்டும். முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் செய்தால், பின்னால் வளையும் புஜங்காசனமும் வேண்டும். ஒரு பக்கம் வளைத்த முதுகெலும்பை மறுபக்கமும் வளைத்துச் சமன் செய்வதுதான் சூட்சுமம். கடைசியில் சவாசனத்தில் கை கால்களைத் தளர்த்தி ஓய்வு. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது யோகம் ஆகாது.

மூன்றாவது சாப்பாடு. வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு நீர், மீதி கால் பங்கு காலி. ஆயுர்வேதமும் யோக சாஸ்திரமும் ஒன்றாகச் சொல்லும் அளவு இது. மிளகாய், புளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்த சாத்வீக உணவு. மனசுக்கு ரொம்பவும் பிடித்த பதார்த்தம் எதுவோ, அதை வருஷத்தில் ஒன்றிரண்டு தடவையாவது பதினைந்து நாள் விட்டு வைக்க வேண்டும். தட்டில் விழுந்த பருப்புக்கு மேற்கொண்டு உப்பு கேட்கக் கூடாது; காபிக்கும் பாலுக்கும் கூடுதல் சர்க்கரை கேட்கக் கூடாது. சாதமும் பருப்பும் ரொட்டியும் மட்டும் இருந்தால்கூட, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் சாப்பிடத் தெரிய வேண்டும். உணவை ருசிக்காக அல்ல, மருந்து போல ஏற்க வேண்டும். ஏகாதசிக்கு உபவாசம், முடியாதவர்களுக்குப் பாலும் பழமும்.

கவனித்தீர்களா? இதில் செலவு பிடிக்கும் விஷயம் ஒன்றுகூட இல்லை. இமயத்திலிருந்து வேர் கொண்டுவர வேண்டாம். உப்பு ஜாடியிலும் சர்க்கரை டப்பாவிலும் இருக்கிறது வைராக்கியம்!

இதெல்லாம் தமக்குத்தான். பிறர் விஷயத்தில் சுவாமிகளுக்குத் தாராளம் அதிகம். இமயமலை அடிவாரத்தில் தென்னாட்டு பக்தர்கள் வந்து இறங்கினால், இட்லியும் காபியும் கொடுத்து உபசரிக்கச் சொல்வார். யார் வந்தாலும் கைநிறையப் பழமும் புத்தகமும் கொடுத்து அனுப்புவார். வாரி வாரிக் கொடுத்ததால் கிவ்வானந்தா என்றே அவரைச் செல்லமாகக் குறிப்பிட்டார்கள். தம் நாக்கைக் கட்டினாரே தவிர, பிறர் வயிற்றைக் கட்டவில்லை.

தூங்குவதற்கு முன் ஒரு கணக்கு

நாம் மளிகைக் கணக்கு எழுதுகிறோம். பால் கணக்கு எழுதுகிறோம். சுவாமிகள் எழுதச் சொன்னது நமக்கே நம்மைக் காட்டும் கணக்கு. ஆன்மிக நாட்குறிப்பு என்று அதற்குப் பெயர்.

எத்தனை மணிக்கு எழுந்தேன்? எத்தனை மணி நேரம் தூங்கினேன்? எத்தனை மாலை ஜபம்? ஆசனம் எவ்வளவு நேரம்? கீதை சுலோகம் எத்தனை படித்தேன்? தர்மம் எவ்வளவு செய்தேன்? மௌனமாக எவ்வளவு நேரம் இருந்தேன்? எத்தனை பொய் சொன்னேன்? எத்தனை முறை கோபப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்? அதற்காக எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்ன?

ஒரு டாக்டருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நாளாக என்று நோயாளியின் அட்டையில் குறிப்பது போல, கோபம் எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று குறித்துவைக்கச் சொல்கிறார். உடம்பில் வரும் ஜுரத்தையும் மனசில் வரும் ஜுரத்தையும் அவர் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்தவர் தாம் அந்தக் கணக்கில் தேறினாரா? 1950 ஜனவரி 8-ஆம் தேதி இரவு அதற்குச் சோதனை வந்தது. சத்சங்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒருவன் கோடாலியால் சுவாமிகளை வெட்டப் பாய்ந்தான். மயிரிழையில் உயிர் தப்பியது. சீடர்கள் கொதித்தார்கள். சுவாமிகளோ அவனை யாரும் அடிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அவனுக்குச் சாப்பாடு கொடுக்கச் செய்தார். தண்டனை வாங்கித் தரவும் மறுத்து, புத்தகங்களும் வழிச் செலவுக்கு ஏற்பாடும் செய்து, ஊருக்கு அனுப்பி வைத்தார். அன்றைய நாட்குறிப்பில் கோபம் என்ற இடத்துக்கு நேராகப் பூஜ்யம்தான் விழுந்திருக்க வேண்டும்!

அதே ஆண்டு செப்டம்பரில், 63 வயது நிறைந்த கையோடு, பாரத யாத்திரை புறப்பட்டார். இரண்டு மாதங்கள் இந்தியா முழுவதும், இலங்கை வரையிலும். போன இடமெல்லாம் கூட்டம். பேச்சு, நாம சங்கீர்த்தனம்.

சீடர்களும் நாலா திசையிலும் பரவினார்கள். கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் இலங்கையில் பல வருடங்கள் தொண்டாற்றி, பிறகு அமெரிக்கா சென்றார். சுவாமி விஷ்ணுதேவானந்தர் மேலை நாடுகளில் யோக மையங்களை அமைத்தார். சுவாமி சத்யானந்தர் பிகாரில் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவினார். கீதையை ஊர் ஊராகக் கொண்டுபோன சுவாமி சின்மயானந்தருக்கு 1949-ல் சந்நியாசம் அளித்தவரும் சிவானந்தர்தான். பெண்களுக்கும் கதவு திறந்தே இருந்தது. ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறிய பெண்மணி ஒருவர் 1956-ல் அவரிடம் சந்நியாசம் பெற்று, சுவாமி சிவானந்த ராதா என்ற பெயரோடு திரும்பினார்.

நோய் வந்தது தோல்வியா?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கடைசி ஆண்டுகளில் சுவாமிகளைச் சர்க்கரை நோய் பற்றியது. இடுப்பு வலியால் நடப்பதே சிரமம். பிறர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள நடந்தார். யோகி என்று பெயர் எடுத்துவிட்டோமே, இதை வெளியே காட்டலாமா என்று அவர் மறைக்கவில்லை. மருத்துவர்களின் சிகிச்சையை ஏற்றுக்கொண்டார். சத்சங்கத்துக்கு வருவதையும், கடிதங்களுக்குப் பதில் போடுவதையும், எழுதுவதையும் விடவில்லை. 1963 ஜூனில் பக்கவாதம் தாக்கியது. ஜூலை 14-ஆம் தேதி இரவு, கங்கைக் கரையிலேயே மகாசமாதி அடைந்தார். அப்போது வயது 75. சங்கத்தின் பொறுப்பை ஏற்ற சுவாமி சிதானந்தர், 2008-ல் சித்தியாகும் வரை அந்த வழியிலேயே நடத்திச் சென்றார்.

நம்மில் எத்தனை பேர் இப்படி நினைத்து அழுதிருப்போம்? ஒரு ஏகாதசி தவறியதில்லை, ஒரு பிரதோஷம் விட்டதில்லை, வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை நின்றதில்லை... எனக்குப் போய்ச் சர்க்கரை வந்துவிட்டதே! எங்கே குறை வைத்தேன்? என் பக்திதான் போதவில்லையோ?

இல்லை, சகோதரி. இமயத்தில் தவம் செய்த மகானுக்கே வந்தது. உடம்பு என்று ஒன்று இருந்தால், பரம்பரையும் வயதும் அதில் தம் வேலையைக் காட்டத்தான் செய்யும். நியமம் என்பது பகவானிடம் நாம் போட்டுக்கொள்ளும் வியாபார ஒப்பந்தம் அல்ல. நான் நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன், நீ எனக்கு நோய் தராதே என்று கேட்பதற்கு! இருக்கிற உடம்பை, இருக்கும் வரைக்கும், பிறருக்கு உபயோகமாக வைத்துக்கொள்வதற்குத்தான் நியமம். யாத்ரீகருக்கு மருந்து கொடுக்க ஓடிய கால்கள் பிறகு நடக்க முடியாமல் போயின. ஆனால், எழுதிக் கொடுக்கும் கை நிற்கவில்லை. கொடுக்கும் மனசும் நிற்கவில்லை. அதுதான் அந்த நியமங்களின் பலன்.

வைத்தியரான சுவாமிகள் வைத்தியத்தைத் தள்ளாததையும் நாம் மறந்துவிடக் கூடாது. சர்க்கரைக்கோ ரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்பவர்கள், தாமாக அதை நிறுத்துவதும், டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் இருப்பதும் ஆபத்து. ரத்தக் கொதிப்பு, கண் அழுத்த நோய், கழுத்து வலி உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரின் அனுமதி பெற்று, நேரில் ஒரு ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் எல்லோருக்கும் நேரத்துக்குப் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு ஆறிப்போன சாதத்தையும் மிஞ்சிய குழம்பையும் வழித்துச் சாப்பிடுவது தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிதமான ஆகாரம் என்று சுவாமிகள் சொன்னது அதை அல்ல. உணவை மருந்தாகப் பார்க்கச் சொன்னார். மருந்தை நேரம் தவறிச் சாப்பிடுவோமா? கணவருக்கும் குழந்தைகளுக்கும் மாமியாருக்கும் வேளை பார்க்கிற நாம், நமக்கும் வேளை பார்க்க வேண்டாமா?

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்க வேண்டும் என்பதில்லை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு படுக்கப் போகும் முன், ஸ்வாமி விளக்கை மலையேற்றிய பிறகு, நாலே நாலு வரி எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை முறை கோபப்பட்டேன், யாருக்கு என்ன உதவி செய்தேன்? ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், விடாமல் எழுதிப் பாருங்கள். எங்கே திருத்த வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்!

தரிசிக்க...

ரிஷிகேசம் சிவானந்தாசிரமம், உத்தராகண்ட் மாநிலத்தில் முனி கி ரேதி என்ற பகுதியில், ராம் ஜூலா பாலத்துக்கு அருகில் கங்கைக் கரையில் உள்ளது. ஹரித்துவாரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரம். சுவாமிகளின் சமாதி மந்திரமும் விஸ்வநாதர் சந்நிதியும் ஆசிரமத்துக்குள்ளேயே இருக்கின்றன. பத்ரி, கேதார் யாத்திரை போகிறவர்கள் ரிஷிகேசத்தில் தங்கும்போது, சமாதி மந்திரத்தில் சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம்.

தெற்கே இருப்பவர்களுக்குப் பத்தமடை இருக்கிறது. அடுத்த முறை தாமிரபரணிக் கரைக் கோயில்களுக்குப் போகும்போது, அந்த மகான் பிறந்த மண்ணையும் மிதித்துவிட்டு, கையோடு ஒரு பாயும் வாங்கி வாருங்கள். விருந்தாளிக்கு என்று சுருட்டிப் பரணில் போட்டுவிடாமல், விடியற்காலையில் உங்களுக்காக ஒருமுறை விரித்து உட்காருங்கள்.